தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள்

கேள்விகள் கேட்டு, ஒருவர் தன் எண்ணத்தையும் இலக்கையும் தானே தெளிவாகக் காண உதவும் தொழிலான கோச்சிங்கில் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வெளியே வருகிற ஒவ்வொருவரும் சில வாரங்களுக்குள் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: பணம் கொடுத்து என்னிடம் வரப்போகிறவர் யார்? கொழும்பில், அதிலும் கொழும்பின் தமிழ்பேசும் உத்தியோகத்தர்களிடையே, இந்தக் கேள்விக்கான விடை வெளிநாட்டு வழிகாட்டிகள் தரும் விடையிலிருந்து பெரிதும் வேறுபடுகிறது. மனிதவளத் துறையில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள் நான். எனக்குப் பின்னால் இதே வழியில் வருகிறவர்கள் தொடக்கத்திலேயே சலித்து விலகிப்போவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. நல்ல திறமையுள்ளவர்கள் அவர்கள். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் தேவையின் அளவைச் சரியாகப் பார்க்க வேண்டும். 1995இல் தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப். எனப்படும் சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு வழங்கும் முதல்நிலைத் தகுதியான ஏ.சி.சி.யைப் பெறுவதற்கு, குறைந்தது 60 மணி நேரப் பயிற்சியும், மூன்று மாதங்களுக்குக் குறையாத காலத்தில் பரவலாகப் பெற்ற 10 மணி நேர மென்டர் கோச்சிங்கும் (அனுபவமுள்ள கோச் ஒருவர் நம் கோச்சிங் முறையைக் கவனித்துத் திருத்த உதவுவது), 100 மணி நேரக் கோச்சிங் அனுபவமும் வேண்டும். அந்த 100 மணி நேரத்தில் 75 மணி நேரமாவது கட்டணம் பெற்றுச் செய்ததாக இருக்க வேண்டும். கட்டணம் எவ்வளவு என்பதைக் கூட்டமைப்பு நிர்ணயிப்பதில்லை. பணத்துக்குப் பதிலாக ஒரு சேவையைப் பெற்றுக்கொண்டாலும் அது கட்டணமாகவே கணக்கில் சேரும். ஒருவரோடு ஆறு அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 100 மணி நேரத்தை நிறைக்க 17 பேர் போதும். தொடங்குகிறவர்கள் பலர் இந்தக் கணக்கைப் போடாமலேயே ஆயிரக்கணக்கானோரைத் தம் முகநூல் பக்கத்துக்கு இழுப்பது எப்படி என்று திட்டமிட ஆரம்பித்துவிடுகிறார்கள். தேவைப்படுவது 17 பேர், அவர்களும் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளுக்குள் ஒருவர் பின் ஒருவராக வந்தால் போதும். பத்து இலட்சம் பேருக்கு விளம்பரம் செய்கிறவருக்குப் பயன்படும் முறை, 17 பேரைத் தேடுகிறவருக்குப் பெரும்பாலும் பயன்படாது.

அந்த 17 பேரை எங்கே தேடுவது என்பதில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது தம்முடைய நெருங்கிய வட்டம்: உடன்பிறந்தவர்கள், ஒன்றுவிட்ட சகோதரர்கள், ஒன்றாகப் படித்த நண்பர்கள். இயல்பான எண்ணம்தான், ஆனால் கோச்சிங்கைப் பொறுத்தவரை இந்த வட்டம் ஏறத்தாழ மூடியே இருக்கிறது. வெள்ளவத்தையில் வசிக்கும் வங்கி அதிகாரி ஒருவரை எண்ணிப் பாருங்கள். வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்க வேண்டும் என்று ஓராண்டாக யோசிக்கிறார். மனைவியிடம்கூட இன்னும் முழுமையாகச் சொல்லவில்லை. அவர் தன் மைத்துனியிடமோ, ஒரே கோயிலுக்குப் போகும் நண்பரிடமோ இதை வாய் திறந்து சொல்வாரா? சொன்னால் அடுத்த கலியாண வீட்டில் மாமனார் காதுக்கு அது போய்விடும் என்ற பயம் அவருக்கு உண்டு, அந்தப் பயம் ஆதாரமற்றதும் அல்ல. கோச்சின் பக்கத்திலும் தடை இருக்கிறது. நெருங்கியவரின் வாழ்க்கையில் நமக்கே ஒரு விருப்பம் இருக்கும்; அவர் வெளிநாடு போகக் கூடாது, அல்லது கட்டாயம் போக வேண்டும் என்று நாம் முன்பே முடிவு செய்திருப்போம். அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு திறந்த மனதோடு கேள்வி கேட்க எவராலும் முடியாது.

முற்றிலும் அறிமுகமற்றவர்களும் வரமாட்டார்கள். தன் பதவி, தன் பயம், தன் சம்பளம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் பேச வேண்டிய ஒரு வேலைக்கு, எங்கேயோ விளம்பரத்தில் பார்த்த ஒருவரிடம் நம் ஆட்கள் போவது மிக அரிது. நம்பிக்கைக்கு ஒரு தொடர்பு வேண்டும். அந்தத் தொடர்பு நெருக்கமானதாகவும் இருக்கக் கூடாது. ஆகவே மிஞ்சுவது இடையிலுள்ள ஒரு வளையம்: தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள்.

சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று இந்த வளையத்தின் பலத்தைப் பற்றியது. அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்கு அருகிலுள்ள நியூட்டனில் அண்மையில் வேலை மாறியிருந்த உத்தியோகத்தர்களிடம் அவர் விசாரித்தார். தனிப்பட்ட தொடர்பின் மூலம் வேலை பெற்றவர்களில் 16.7 வீதத்தினரே அந்தத் தொடர்பாளரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள். 55.6 வீதத்தினர் அவரை இடைக்கிடை மட்டுமே சந்தித்தவர்கள், 27.8 வீதத்தினர் மிக அரிதாகச் சந்தித்தவர்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்தே இருக்கும். தூரத்துத் தொடர்புகளே புதிய வட்டங்களின் செய்தியைக் கொண்டுவருகின்றன என்பது அவர் தந்த விளக்கம். அது வேலை தேடியவர்களைப் பற்றிய ஆய்வு, கோச்சிங்கைப் பற்றியதல்ல. ஆயினும் கொழும்பில் என்னிடம் வந்தவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று பார்க்கும்போது, அதே வடிவமே தெரிகிறது. இங்கே அதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. செய்தி வரும் வழி என்பதோடு, இரகசியம் கசியாத தூரமாகவும் அந்த வளையம் இருக்கிறது. என்னை விசாரித்தறிய அவர்களுக்கு ஒருவர் இருக்கிறார். அவர்களைப் பற்றிப் பேச எனக்கு ஒருவரும் இல்லை.

இந்த வளையம் கொழும்பில் கூடும் இடங்கள் பல. யாழ்ப்பாணத்து, மட்டக்களப்பு, மலையகப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களுக்குக் கொழும்புக் கிளைகள் உள்ளன, அவற்றின் ஆண்டுக் கூட்டங்களிலும் இராப்போசனங்களிலும் மூன்று தலைமுறை உத்தியோகத்தர்கள் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் இருக்கும், 1942இல் தொடங்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நிகழ்ச்சிகள் உள்ளன. மலலசேகர மாவத்தையிலுள்ள பட்டயக் கணக்காளர் நிறுவனம் போன்ற தொழில்வாண்மை அமைப்புகளின் கருத்தரங்குகள், கம்பனிகளுக்குள்ளேயே நடக்கும், மேடைப் பேச்சுப் பயிற்சிக்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகங்கள், ரோட்டரிக் கூட்டங்கள் உள்ளன. இவற்றில் எதற்குப் போவது என்பதைவிட, ஒன்றிரண்டைத் தேர்ந்து அங்கே தொடர்ந்து போவதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. எல்லா இடத்திலும் ஒருமுறை தலைகாட்டுகிறவரை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஒரே சங்கத்தில் கதிரை அடுக்கி, கணக்கு எழுதி, பேச்சாளரை அழைத்துவந்து உதவுகிறவரை எல்லோருக்கும் தெரியும். பொறுப்பை ஏற்று அதை முடித்துக் கொடுக்கிறவர் என்ற பெயர், கோச்சுக்கு எந்த அறிமுக உரையும் தராத மதிப்பைத் தரும்.

அங்கே போய் என்ன பேசுவது என்பதில்தான் புதியவர்கள் மிகவும் திணறுகிறார்கள். "நான் லைஃப் கோச்" என்று தொடங்கினால் எதிரே இருப்பவர் மரியாதையாகத் தலையாட்டுவார், பேச்சு அதோடு முடிந்துவிடும். யாரோடு, எந்த நிலைமையில் வேலை செய்கிறோம் என்பதை ஒரு மூச்சில் சொல்ல வேண்டும். கேட்பவரின் மனதில் ஒரு முகம் தோன்ற வேண்டும். நான் தேர்ந்துகொண்ட வட்டம், யாழ்ப்பாணத்திலிருந்தோ மலையகத்திலிருந்தோ படித்து வந்து, கொழும்பு நிறுவனங்களில் முதன்முறையாக முகாமையாளர் ஆகியவர்கள். கணக்கிலும் பொறியியலிலும் மென்பொருளிலும் அவர்கள் திறமைசாலிகள். ஆனால் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நடக்கும் கூட்டங்களில் தம் கருத்தை நிலைநாட்டவும், தம்மைவிட வயதில் மூத்தவர்களிடம் வேலை வாங்கவும் தயங்குகிறார்கள். பழைய மாணவர் சங்கமொன்றில் இதைப் பற்றி நடந்த உரையாடலை ஏறத்தாழ அப்படியே தருகிறேன்.

"தங்கச்சி இப்ப எந்தக் கம்பனியில?"

"கம்பனியை விட்டிட்டன் அண்ணை. புதுசா மனேஜர் ஆன எங்கட பிள்ளையளோட வேலை செய்யிறன். வேலை நல்லாத் தெரியும், ஆனா மீட்டிங்கில வாய் திறக்க யோசிப்பினம். அப்பிடியான ஆக்களோட."

"எங்கட ஒபிசிலயும் ஒரு தம்பி அப்பிடித்தான் இருக்கிறான். அவனை உங்களிட்ட அனுப்பட்டே?"

"நீங்கள் அனுப்ப வேண்டாம் அண்ணை. என்ர நம்பரை மட்டும் குடுங்கோ, விருப்பமெண்டால் அவர் எடுக்கட்டும். எடுத்தவரோ இல்லையோ எண்டு நான் உங்களுக்குச் சொல்ல மாட்டன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எப்போதும் சொல்கிறேன், சொல்லும்படி மற்றவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். அறிமுகம் செய்கிறவருக்கு முதலில் அது சற்று விசித்திரமாக இருக்கும். சிறிது நேரத்தில் அவருக்கு அதன் பொருள் விளங்கும்: நாளை தானோ தன் மகளோ இந்த ஆளிடம் போனாலும் செய்தி வெளியே வராது. கொழும்புத் தமிழ்ச் சமூகம் சிறியது. இரண்டு பேருக்கு நடுவே பொதுவாக ஒருவரைத் தெரியாமல் இருப்பதே அபூர்வம். இவ்வளவு சிறிய இடத்தில் வாடிக்கையாளரைக் கொண்டுவருவது இரகசியம் காக்கிறவர் என்ற பெயர்தான். அது இல்லாதவருக்கு எத்தனை சான்றிதழ் இருந்தும் பயனில்லை. இதை நான் முழுமனதோடு நம்புகிறேன்.

அதனால்தான், வெளிநாட்டு வழிகாட்டிகள் வலியுறுத்தும் ஒன்றை இங்கே செய்யக் கூடாது என்கிறேன். வாடிக்கையாளரின் வெற்றிக் கதையை எழுது, அவர் தந்த பாராட்டை வெளியிடு என்பது அவர்களின் அறிவுரை. பெயரை மறைத்து எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பருத்தித்துறையைச் சொந்த ஊராகக் கொண்ட, கொழும்பில் காப்புறுதி நிறுவனமொன்றில் நிதி முகாமையாளராக இருக்கும், இரண்டு பிள்ளைகளின் தாய் என்று எழுதினால், வாசிப்பவர்களில் பத்துப் பேருக்காவது அவர் யாரென்று தெரிந்துவிடும். இன்னும் மோசமானது, வாசிக்கும் மற்றவர்கள் நாளை நம்மைப் பற்றியும் இப்படி எழுதுவார் என்று மனதுக்குள் முடிவு செய்துகொள்வார்கள். அப்படி முடிவு செய்தவர்கள் எத்தனை பேர் என்பது நமக்கு ஒருபோதும் தெரியவராது. பொதுவெளியில் பாராட்டுக் கேட்பதற்குப் பதிலாக, ஆறு அமர்வுகளும் முடிந்தபின், இதேபோன்ற நிலைமையில் இருக்கும் எவரையாவது அறிந்தால் தொலைபேசி எண்ணைக் கொடுக்க முடியுமா என்று தனியாகக் கேட்கலாம். மனம் திருப்தியுற்றவர்கள் அதை மகிழ்ச்சியோடு செய்வார்கள், எப்போது செய்வது என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள்.

இரகசியம் என்பதை வாய்வார்த்தையோடு விட்டுவிடவும் கூடாது. முதல் அமர்வுக்கு முன்பே ஒரு பக்க ஒப்பந்தம் வேண்டும்: எத்தனை அமர்வு, எவ்வளவு கட்டணம், எது வெளியே போகாது, எந்த விதிவிலக்கான சூழலில் மட்டும் போகலாம் என்பதெல்லாம் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். தகுதிச் சான்றுக்காக நாம் வைத்திருக்கும் நேரப் பதிவேட்டில் வாடிக்கையாளரின் பெயர் இடம்பெறுவதால், அதற்கும் அவருடைய சம்மதத்தை அங்கேயே பெற்றுக்கொள்ள வேண்டும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்ட பிறகு, குறிப்புகளை எங்கே, எவ்வளவு காலம் வைத்திருக்கிறோம் என்பது நாம் சிந்தித்து வைத்திருக்க வேண்டிய விடயமாகிவிட்டது. சந்திக்கும் இடமும் முக்கியம். காலி வீதியோரக் கோப்பிக் கடைகளில் அமர்வு நடத்துவது எனக்கு ஏற்புடையதல்ல; அரை மணி நேரத்தில் யாராவது தெரிந்தவர் உள்ளே வந்து சுகம் விசாரிப்பார். ஸூம் வழியாகச் சந்திப்பது பலருக்கு வசதியானது, ஆனால் பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் கூட்டுக் குடும்பமாக வாழ்கிறவர்களுக்கு வீட்டில் தனியறை கிடைப்பதில்லை. நிறுத்திவைத்த காருக்குள் இருந்து பேசுகிறவர்கள் உண்டு. எங்கே இருந்து பேசினால் உங்களுக்குச் சுதந்திரமாக இருக்கும் என்று முன்கூட்டியே கேட்பது, அவரை நாம் விளங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு முதல் சான்று.

கட்டணத்தைப் பற்றிப் பேசுவதற்கு நம்மவர்கள் படும் கூச்சம் பெரிது. "உங்களுக்கு விரும்பினதைத் தாங்கோ" என்று சொல்வது பெருந்தன்மையாகத் தோன்றினாலும், அது தொகையைத் தீர்மானிக்கும் சுமையை வாடிக்கையாளரின் தலையில் வைத்துவிடுகிறது. குறைத்துக் கொடுத்தால் மரியாதைக் குறைவு, கூட்டிக் கொடுத்தால் கைக்கு மீறிய செலவு என்று அவர் தடுமாறுவார், கடைசியில் வராமலே விட்டுவிடுவார். சிறிய தொகையானாலும் ஒரு தொகையைச் சொல்லுங்கள், ஆறு அமர்வுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். முதலில் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் அரை மணி நேரப் பேச்சை இலவசமாக வைத்துக்கொள்வது நல்லது, அதற்கு மேல் இலவசம் வேண்டாம்.

இந்தக் காலத்தில் வருகிறவர்களில் பெரும்பகுதியினர் கொண்டுவருவது ஒரே கேள்வியை: போவதா, இருப்பதா? 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தியதற்குப் பின், ரூபாயின் பெறுமதி சரிந்து, எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற அந்த மாதங்களில் எழுந்த கேள்வி இன்னும் அடங்கவில்லை. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உறவினர் இல்லாத குடும்பம் நம்மிடையே அரிது, ஆகையால் எல்லோரிடமும் அறிவுரை ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அவர்களுக்குக் கிடைக்காதது, எந்தப் பக்கமும் சாயாமல் அவர்கள் சொல்வதைக் கேட்டு, அவர்களுடைய எண்ணத்தை அவர்களே தெளிவாகக் காண உதவும் ஒருவர். விசா விதிகளைப் பற்றிக் கோச் பேசத் தேவையில்லை, பேசவும் கூடாது. அதற்கென்று முகவர்களும் சட்டத்தரணிகளும் இருக்கிறார்கள். நம்மால் எதைச் செய்ய முடியாது என்பதை முதல் பேச்சிலேயே தெளிவாகச் சொல்கிறவரிடம் மக்கள் அதிக நம்பிக்கை கொள்வதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

எல்லை வகுப்பது இன்னோரிடத்தில் இதைவிடவும் இன்றியமையாதது. வேலைத்தலப் பிரச்சினை என்று பேசத் தொடங்குகிற ஒருவர், மூன்றாம் அமர்வில், போரில் இழந்த அண்ணனைப் பற்றிப் பேசலாம். 1983ஐ நேரில் கண்டவர்களும், 2009ஐக் கடந்து வந்தவர்களும், அவர்களின் பிள்ளைகளும் இந்த நகரத்தின் அலுவலகங்களில் அமைதியாக வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அந்தத் துயரத்துக்குக் கோச்சிங் சிகிச்சையல்ல. தூக்கம் கெட்டு, உணவு வெறுத்து, வாழ்வில் பிடிப்பற்றுப் பேசுகிறவரை உளவளத்துணையாளரிடமோ மனநல மருத்துவரிடமோ அனுப்புவது நம் கடமை. தேசிய மனநல உதவித் தொலைபேசி எண்ணான 1926 ஒவ்வொரு கோச்சின் கைபேசியிலும் இருக்க வேண்டும். ஆகவே தொழிலைத் தொடங்கும் முன்பே தமிழில் பேசக்கூடிய உளவளத்துணையாளர்கள் இருவர் மூவரையாவது நேரில் சந்தித்து அறிமுகமாகிக்கொள்ளுங்கள். யாரை எப்போது அனுப்பலாம், எப்படி அனுப்ப வேண்டும் என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இது வாடிக்கையாளரின் நலனுக்காகச் செய்வது. ஆனால் அந்த உளவளத்துணையாளர்களிடமும், சிகிச்சை தேவையற்ற, தொழில் வாழ்க்கையில் திசை தெரியாமல் நிற்கிறவர்கள் வருவார்கள். பொறுப்போடு அனுப்பத் தெரிந்தவர் என்று உங்களைப் பற்றி அவர்கள் அறிந்திருந்தால், அப்படிப்பட்டவர்களை உங்களிடம் அனுப்ப அவர்கள் தயங்கமாட்டார்கள். நெட்வொர்க்கிங் என்ற பெயரில் நான் செய்தவற்றுள் மிகவும் பெறுமதியானது இந்தச் சந்திப்புகளே என்று நினைக்கிறேன்.

லிங்க்ட்இன்னைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கம் ஒன்று இருக்கட்டும், அதில் நீங்கள் யாரோடு வேலை செய்கிறீர்கள் என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்கட்டும். யாரோ ஒருவர் உங்கள் எண்ணைக் கொடுத்தபின், பெறுகிறவர் முதலில் செய்வது உங்கள் பெயரைத் தேடிப் பார்ப்பதே, அப்போது அது உதவும்.

தனிநபர்களோடு நூறு மணி நேரம் நிறைகிற தறுவாயில் நிறுவனங்களின் கதவும் திறக்கத் தொடங்கும். உங்களிடம் வந்த முகாமையாளர் ஒருவர் தன் மனிதவளப் பிரிவிடம் உங்களைப் பற்றிச் சொல்லியிருப்பார். இங்கே இரகசியத்தின் சிக்கல் புதிய வடிவில் வருகிறது, ஏனெனில் பணம் கொடுப்பவர் ஒருவர், பேசுகிறவர் வேறொருவர். ஊழியர், அவருடைய மேலதிகாரி, கோச் ஆகிய மூவரும் தொடக்கத்திலேயே ஒன்றாக அமர்ந்து இலக்கைப் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். வருகையும், ஒப்புக்கொண்ட இலக்கில் ஏற்பட்ட முன்னேற்றமும் மட்டுமே நிறுவனத்துக்கு அறிவிக்கப்படும், முன்னேற்றத்தையும் ஊழியரே தன் வாயால் சொல்வார் என்பதை நான் நிபந்தனையாக வைக்கிறேன். இதை ஏற்காத நிறுவனத்தின் வேலையைக் கைவிட்டாலும் நட்டமில்லை. அங்கே ஒரு வார்த்தை கசிந்தால் போகப்போவது அந்த ஒரு ஒப்பந்தம் மட்டுமல்ல.

நிறுவனங்களை அணுகும் காலமும் கவனிக்க வேண்டியது. இங்குள்ள கம்பனிகள் பலவற்றின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, அடுத்த ஆண்டுக்கான பயிற்சி ஒதுக்கீடு அதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடும். சித்திரைப் புத்தாண்டுக்குப் பின் போனால், யோசனை நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த ஆண்டு பணம் இல்லை என்ற பதிலே கிடைக்கும். டிசம்பரில் எவரும் இருக்கமாட்டார்கள். பொங்கல் முடிந்த கையோடு, சனவரிப் பிற்பகுதியிலும் பெப்ரவரியிலும் அரை மணி நேரச் சந்திப்பைக் கேட்டுப் பெறுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேற்படாத முன்மொழிவோடு போங்கள். அதில் ஒப்பந்தத்தின் இரகசியப் பிரிவு முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.